பாலாற்றை எத்தனை தடவை தாண்டுவது?

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் மண்டபம் பிடிப்பதும் ஜவுளி எடுப்பதும் பெரிய வேலை இல்லை. காசு இருந்தால் முடிந்துவிடும். பத்திரிகை வைப்பதுதான் வேலை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று ஆபீஸ் நண்பர்கள் பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவார்கள். சொந்தக்காரர்களிடம் அது நடக்காது. அப்பாவும் அம்மாவும் ஜோடியாக நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு, மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை வைத்து, "குடும்பத்தோட வந்துடணும்" என்று சொன்னால்தான் அழைத்ததாகக் கணக்கு. வீட்டில் ஆள் இல்லை என்று கதவில் செருகிவிட்டு வந்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேசுவார்கள்.

தம்பி கல்யாணத்துக்கு அப்பா எழுதிய பட்டியல் லாங் சைஸ் நோட்டில் பல பக்கம் ஓடியது. எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். சொந்தமோ பாகாயம், தொரப்பாடி, அணைக்கட்டு, ஒடுகத்தூர், காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம், குடியாத்தம், பொன்னை, ராணிப்பேட்டை, ஆற்காடு என்று பழைய வடாற்காடு முழுக்க இறைந்து கிடக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், சொந்தத்தை யாரும் பிரித்துத் தரவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கார் ஓட்டுகிற பொறுப்பு என்னுடையது. கணிதம் படித்துவிட்டு அதற்குச் சம்பந்தமில்லாத வேலை பார்க்கிறவளுக்கு இப்படி ஒரு நோட்டு கையில் கிடைத்தால் என்ன தோன்றும்? கிராஃப் போடத் தோன்றும்.

பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்ட தாளில் வரைந்தோமே, அந்த கிராஃப் இல்லை இது. சில புள்ளிகள், அவற்றைச் சேர்க்கும் சில கோடுகள், அவ்வளவுதான். இதை ஆரம்பித்துவைத்ததும் ஓர் ஆற்றுப் பிரச்சினைதான். கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரை (இன்று ரஷ்யாவில் இருக்கும் கலினின்கிராட்) பிரெகல் ஆறு நான்கு நிலத் துண்டுகளாக வெட்டியிருந்தது. ஏழு பாலங்கள். எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழையும் கடந்து வர முடியுமா என்பது ஊர்க்காரர்களின் புதிர். கணித மேதை ஆய்லர் 1736இல் முடியாது என்று நிறுவினார். ஒரு நிலத்துக்குள் ஒரு பாலம் வழியாக வந்தால் இன்னொரு பாலம் வழியாக வெளியே போக வேண்டும், அதனால் நடை தொடங்கும் இடமும் முடியும் இடமும் தவிர மற்ற எல்லா இடத்திலும் பாலங்கள் இரட்டைப்படையில் இருந்தாக வேண்டும். அங்கே நான்கு நிலத்துக்கும் ஒற்றைப்படை. கதை முடிந்தது. எனக்கு இதில் பிடித்தது விடை அல்ல. ஊரின் தெரு, வீடு, ஆற்றின் வளைவு, தூரம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த நிலத்தை எந்தப் பாலம் சேர்க்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டாரே, அந்தத் துணிச்சல்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வேலூர் பாலாற்றுக்குத் தெற்கே, காட்பாடி வடக்கே. பெங்களூர் ஹைவே பெரும்பாலும் தென்கரையில், ரயில் பாதை வடகரையில். எங்கள் சொந்தக்காரர்கள் விஷயத்தில் ஆற்றைத் தாண்ட முக்கியமாக மூன்று இடங்கள்: கிழக்கே ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில், நடுவில் வேலூர் காட்பாடி ரோட்டில், மேற்கே பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தம் போகும் வழியில். சில தரைப்பாலங்களும் உண்டு; அவற்றை நம்பி ஞாயிற்றுக்கிழமை திட்டம் போட முடியாது. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறுதான் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. அந்த டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது ஏற்பட்டுச் சென்னை ரயில்கள் வரிசையாக ரத்தானதும், 2022இல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியதும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். கிராஃபில் ஒரே ஒரு கோட்டை அழித்தால் ஊர் எப்படி மாறுகிறது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆறு குறுக்கே ஓடும் ஊரில் மேப்பைப் பார்த்து "பக்கம்" என்று சொல்லக் கூடாது. பெருமுகையில் நின்று பார்த்தால் அக்கரையில் சேவூரும் பிரம்மபுரமும் கூப்பிடு தூரம் மாதிரிதான் இருக்கும். காரில் போக வேண்டுமென்றால் வேலூருக்குள் வந்து, பாலம் ஏறி, காட்பாடி நெரிசலில் நின்று, திருவலம் ரோட்டில் திரும்பி வர வேண்டும். அதனால் முதலில் முடிவு செய்தது, கோட்டின் மேல் கிலோமீட்டர் எழுதக் கூடாது, நிமிஷம்தான் எழுத வேண்டும் என்று. அதிலும் போகிற நிமிஷமும் வருகிற நிமிஷமும் ஒன்றல்ல. சத்துவாச்சாரியில் ஹைவேக்கு அந்தப் பக்கம் போக சர்வீஸ் ரோட்டில் சுற்றியவர்களுக்கு இது புரியும்.

இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறைந்த நேரம் எது என்ற கேள்விக்கு வழி கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா. 1956இல் ஆம்ஸ்டர்டாமில், கல்யாணம் நிச்சயமான பெண்ணோடு கடைக்குப் போய்ச் சலித்து ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, பேப்பர் பேனா இல்லாமல் இருபது நிமிஷத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1959இல் அச்சில் வந்தது. நம் போனில் இருக்கும் மேப் செயலிகள் வழி சொல்வதற்கு அடிப்படையும் அந்த யோசனைதான். மேலே நிறைய சுருக்குவழிகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சத்துவாச்சாரியிலிருந்து குடியாத்தம் போக வேண்டும். காட்பாடிக்கு 25 நிமிஷம், பள்ளிகொண்டாவுக்கு 35 என்று வைத்துக்கொள்வோம். காட்பாடியிலிருந்து லத்தேரி 20, லத்தேரியிலிருந்து கே.வி.குப்பம் 12, அங்கிருந்து குடியாத்தம் 20. பள்ளிகொண்டாவிலிருந்து குடியாத்தம் 20. விதி ஒன்றுதான்: இன்னும் முடிவாகாத ஊர்களில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்து, "இதற்கு இதுதான் குறைந்த நேரம்" என்று முத்திரை குத்து, அதன் பக்கத்து ஊர்களின் நேரத்தைத் திருத்து. முதலில் காட்பாடி, 25. அதனால் லத்தேரிக்கு 45 என்று தெரிகிறது. அடுத்து கிட்டத்தில் இருப்பது லத்தேரி இல்லை, பள்ளிகொண்டா, 35. அதனால் குடியாத்தத்துக்கு 55. அடுத்து லத்தேரி, 45, கே.வி.குப்பத்துக்கு 57. இப்போது பாக்கியில் சிறியது குடியாத்தத்தின் 55. முத்திரை குத்தி நிறுத்திவிடலாம். கே.வி.குப்பத்துக்கு அப்பால் எட்டிப் பார்க்கவே வேண்டாம், ஏனென்றால் அதை எட்டவே 57 ஆகிறது. அதற்குமேல் எந்த வழியில் போனாலும் நேரம் கூடுமே தவிரக் குறையாது. இந்தக் கடைசி வரிதான் இந்த முறையின் உயிர். நேரம் எந்தக் கோட்டிலும் மைனஸில் போகாது என்ற ஒரே நம்பிக்கையில் அது நிற்கிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா போட்டுகினு கீற?"

"குடியாத்தத்துக்கு எந்த வழி சீக்கிரம்னு பார்க்கறேம்பா."

"ஹைவேதான். இதுக்கு நோட்டு எதுக்கு? ஆனா லத்தேரில எறங்காம எப்பிடிப் போறது?"

அதுதான் விஷயம். நமக்கு வேண்டியது ஒரு ஊருக்குப் போகும் வழி இல்லை, எல்லா வீட்டையும் தொட்டுவிட்டு வீடு திரும்பும் வரிசை. கேட்க ஒரே மாதிரி இருக்கும் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து வீடு என்றால், கிளம்பி எல்லாம் பார்த்துத் திரும்ப 18,14,400 விதமான சுற்றுகள் இருக்கின்றன, நேராகச் சுற்றுவதையும் திருப்பிச் சுற்றுவதையும் ஒன்றாகவே எண்ணினாலும். பதினைந்து வீடு என்றால் 65,383 கோடிக்கு மேல். டைக்ஸ்ட்ராவின் முறை மாதிரி எத்தனை வீடு இருந்தாலும் சளைக்காமல் ஓடும் ஒரு வழி இதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வீடுகளைத் தொடுவதற்குப் பதிலாகத் தெருக்களைத் தொட வேண்டும் என்றால் கணக்கு சுலபமாகிவிடும். பேப்பர் போடுகிற பையன், குப்பை வண்டி ஓட்டுகிறவர், இவர்கள் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தடவையாவது போயாக வேண்டும். சீனாவின் குவான் மெய்கு 1960இல் இதைத் தபால்காரர் கணக்காக எழுதினார். ஆய்லரின் அதே ஒற்றைப்படைச் சந்திப்புகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, அந்த ஜோடிகளுக்கு நடுவே உள்ள தெருக்களில் மட்டும் இரண்டாம் முறை போனால் தீர்ந்தது. எந்த ஜோடி மலிவு என்று கண்டுபிடிக்கவும் வேகமான வழி இருக்கிறது. பார்த்தால் தெருக் கணக்குதான் கஷ்டமாகத் தெரியும். நிஜத்தில் வீட்டுக் கணக்குதான் ஆளைக் கொல்லும்.

பதினைந்து வீட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஹெல்டும் கார்ப்பும் 1962இல் சொன்ன வழி ஒன்று இருக்கிறது (அதே ஆண்டில் பெல்மனும் தனியாகச் சொன்னார்). நாம் இப்போது லத்தேரியில் இருக்கிறோம், ஏற்கெனவே ஐந்து வீடு முடிந்தது. அந்த ஐந்தை எந்த வரிசையில் முடித்தோம் என்பது இனிமேல் போகும் பாதையைப் பாதிக்குமா? பாதிக்காது. எவை முடிந்தன, இப்போது எங்கே நிற்கிறோம், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். அப்படிப் பார்த்தால் 65,383 கோடி சுருங்கிச் சுமார் 17 லட்சம் கூட்டலில் நிற்கும். சாதாரண லேப்டாப்புக்கு அது தூசு. வீடு கூடக் கூட இதுவும் ஊதிப் பெருகும்தான், ஆனால் ஒரே நாளில் பதினைந்து வீட்டுக்கு மேல் காபி குடிக்க யாரால் முடியும்?

இந்த வழியின் இன்னொரு அழகு, முறை பார்ப்பதை அது தடையாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர் வீட்டுக்கு முன் சின்னவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்றால், பெரியவர் வீடு "முடிந்தவை" பட்டியலில் இல்லாதபோது சின்னவர் வீட்டுக்குள் நுழையாதே என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி சாத்தியமான வரிசைகளைச் சரிபாதியாக்கிவிடும். வெவ்வேறு குடும்பங்களில் நான்கு இடத்தில் இப்படி அண்ணன் தம்பி வந்தால் பதினாறில் ஒரு பங்கு. நம் வீட்டுப் பெரியவர்களின் முறை வேலையைக் கூட்டுகிறது என்றுதான் எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். கணக்குப்படி அது வேலையைக் குறைக்கிறது.

அப்புறம் நேரம். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 முதல் 1.30, ராகு காலம் 4.30 முதல் 6. அந்த நேரத்தில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், பத்திரிகையைக் கையில் கொடுக்கத்தான் கூடாது. ஆகவே 12 மணிக்குள் யார் வீட்டில் பத்திரிகை கொடுத்துவிட்டு அங்கேயே சாப்பிட உட்காருகிறோம் என்பது பெரிய முடிவு. கே.வி.குப்பத்துச் சின்னத் தாத்தா வீட்டில் சாப்பிடாமல் பக்கத்தில் இன்னொருவர் வீட்டில் சாப்பிட்டோம் என்று தெரிந்தால் தீர்ந்தது. மேப் செயலியிடம் இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது?

எல்லாம் போட்டு ஓட்டியபோது வந்த விடைகளை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பாலாற்றைச் சரியாக இரண்டு தடவை தாண்டியது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. நிதானமாக யோசித்தால் இதற்கு லேப்டாப்பே வேண்டாம். வீட்டில் கிளம்பி வீட்டில் முடிகிற எந்தச் சுற்றும் ஆற்றை இரட்டைப்படையில்தான் தாண்ட முடியும். இரு கரையிலும் வீடு இருந்தால் குறைந்தது இரண்டு. பாலத்து நெரிசல் பெரிய செலவு என்பதால் நான்கு தடவை தாண்டும் சுற்று அநேகமாக எப்போதும் தோற்கும். இந்த "குறைந்தது இரண்டு" சாதாரணம் இல்லை. 1954இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றும் மிகச் சிறிய பாதையைக் கையால் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள், அதுதான் மிகச் சிறியது என்று நிரூபணத்தோடு. நகரங்களை எப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்தாலும் அந்தப் பிரிவைச் சுற்று இரண்டு தடவையாவது தாண்ட வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்த முக்கிய ஆயுதம். அவர்கள் கற்பனையாகப் போட்ட கோட்டை எங்களுக்குப் பாலாறு நிஜமாகவே போட்டுக் கொடுத்திருக்கிறது.

நடுவில் ஆறு இல்லாத பட்டியல் இன்னும் நல்லது. அதனால் லாபம் வரிசையில் இல்லை, எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த வீடு என்று பங்கு போடுவதில்தான். பாகாயம், தொரப்பாடி, அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஒரு நாள், ஆறே வேண்டாம். காட்பாடி வழியாக அக்கரை போய், லத்தேரி, கே.வி.குப்பம், குடியாத்தம் முடித்து, பள்ளிகொண்டாவில் ஆற்றைத் தாண்டி ஹைவே பிடித்துத் திரும்புவது ஒரு நாள். ஆற்காட்டில் தாண்டி, ராணிப்பேட்டை, பொன்னை பார்த்துவிட்டு, காட்பாடிப் பாலத்தில் திரும்புவது இன்னொரு நாள். ஒரே பாலத்தில் போய் வருவதைவிட ஒன்றில் போய் இன்னொன்றில் வருவது மேல், ஏனென்றால் வந்த வழியிலேயே திரும்பினால் அந்த நிமிஷங்களில் புது வீடு எதுவும் கிடைக்காது.

இதை அப்பாவிடம் காட்டினேன். அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். காட்பாடி சைடு, அணைக்கட்டு சைடு, ராணிப்பேட்டை சைடு என்று மூன்று பத்தி. ஏறக்குறைய அதே பங்கு. ஓரத்தில் பென்சிலில் சில குறிப்புகள்: இவர் ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போவார், இவருக்கு மதியம் தூக்கம், இவர் வீட்டில் ஒரு மணி நேரம். அந்த "ஒரு மணி நேரம்" என் அட்டவணையில் இல்லவே இல்லை, வாங்கிச் சேர்த்தேன். சேர்த்தபின் பார்த்தால் ஒரு நாளில் சாலையில் போகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு வீடுகளில் உட்காரும் நேரம். சாலை நேரத்தை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும், பெரியம்மாக்கள் அம்மாவைப் பிடித்துவைத்துப் பேசும் கால் மணி நேரத்தில் அது போய்விடும். ஆனாலும் கணக்குப் போட்டதில் ஒரு பிரயோஜனம்: இன்று இதற்குமேல் வீடு சேர்த்தால் ராகு காலத்தில் மாட்டுவோம் என்று முன்பே தெரிந்தது. அம்மா "போற வழிதானே, சேர்த்துக்கலாம்" என்று சொன்ன வீடுகளில் பாதிக்கு மேல் போகிற வழியில் இல்லை என்பதையும் நிமிஷக் கணக்கோடு காட்ட முடிந்தது. அம்மா ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில், முதல் பத்திரிகையில். குலதெய்வத்துக்கு வைத்தாயிற்று, அடுத்து தாய்மாமன் வீடு. அதற்கு முன் யாருக்கும் கிடையாது. எங்கள் தாய்மாமன் ஆற்காட்டில் இருக்கிறார். ஆனால் எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அவர் மனைவிதான் எங்கள் சின்ன அத்தை. பெரிய அத்தை குடியாத்தத்தில். கூடப்பிறந்தவர்களில் மூத்தவளுக்கு வைக்காமல் இளையவளுக்கு வைக்கக் கூடாது. ஆக, ஆற்காட்டுக்கு முன் குடியாத்தம், குடியாத்தத்துக்கு முன் ஆற்காடு.

எது முன், எது பின் என்று அம்புக்குறி போட்டு வரிசைப்படுத்த எளிமையான வழி உண்டு. எந்த அம்பும் வந்து குத்தாத வீட்டை எடுத்து வரிசையில் வை, அதை அழி, மறுபடி அப்படி ஒரு வீட்டைத் தேடு. அம்புகள் வட்டம் போட்டுவிட்டால் அப்படிப்பட்ட வீடே கிடைக்காது. வரிசை இல்லை என்று நிரூபணமாகிவிடும். ப்ரோக்ராமும் அதையே சொல்லி நின்றது. அப்பா சிரித்தார். "இது நம்மூட்டுல எங்கண்ணன் கல்யாணத்துலயே வந்த பிரச்சினைதான்" என்றார்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இன்னொரு காரில் குடியாத்தம் கிளம்பினார்கள், நாங்கள் ஆற்காடு. காலை ஏழரைக்கு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தட்டை நீட்டுவதென்று ஏற்பாடு. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியப்பா "குடு" என்றதும் அப்பா கொடுத்தார். சாயங்காலம் இரண்டு அத்தைகளும் போனில் பேசி எத்தனை மணிக்கு வந்தது என்று சரிபார்த்துக்கொண்டதாக ஆற்காட்டு மாமா சொன்னார். பெரிய அத்தை வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்னால் ஓடுமாம். அதனால் அவருக்குத் திருப்தி.